ஷிரெக்ஸ் என்றொரு பிரெஞ்சுக்காரர்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சுப் பெயர் எதையாவது பார்த்தால் கண் அங்கேயே நின்றுவிடும். அப்படி நின்ற பெயர் ஆன்றி ஷிரெக்ஸ்.

1930களில் பெரிய வானொலி நிலையங்களுக்கு ஒரு தலைவலி. ஒலியைச் சிதைக்காமல் அனுப்பும் பெருக்கியில், செலவான மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வானலையானது. மிச்சமெல்லாம் வால்வுகளில் வெறும் சூடு.

1935இல் ஷிரெக்ஸ் ஒரு வழி சொன்னார். இரண்டு பெருக்கிகள், இரண்டும் எப்போதும் முழு வீச்சில் ஓடட்டும். இரண்டின் அலைகளும் சேர்ந்து எழுந்தால் வலு கூடும். ஒன்று சற்றுப் பிந்தினால் குறையும். இப்படி ஏற்றி இறக்கினால் வீணாகும் மின்சாரம் குறையும்.

மறு ஆண்டே அமெரிக்காவில், பெல் ஆய்வுக்கூடத்து வில்லியம் டோஹர்ட்டி வேறு வழி கண்டார். ஒரு பெருக்கி எப்போதும் வேலை செய்யும். ஒலி உச்சத்துக்கு ஏறும்போது மட்டும் இரண்டாவது கைகொடுக்கும். செயல்திறன் 60 சதவீதத்தைத் தாண்டியது. இன்று கைபேசிக் கோபுரங்களிலும் அவர் முறை அவர் பெயரிலேயே வாழ்கிறது.

ஷிரெக்ஸின் முறையையோ 1950களில் ஆர்.சி.ஏ. நிறுவனம் 'ஆம்ப்ளிஃபேஸ்' என்று பெயரிட்டு விற்றது. குறிப்பு எழுதுபவர் ஒருவர், கோப்பில் நிற்கும் பெயர் வேறு. குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது புதிதல்ல. அதனால்தான் அவர் பெயரை இங்கே எழுதி வைக்கிறேன்.