பெட்டிசமும் வாக்கும்
(தீவகத் தடங்கள் – 17)

மாரி கழிந்த தை, மாசியில் வேலணைத் தீவின் சாட்டி மணலை இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். முதலில் மணல் கறுக்கும். பிறகு ஓரங்களில் ஈரம் கசியும். கொஞ்சம் பொறுத்தால் குழியின் அடியில் தெளிந்த தண்ணீர் ஊறி நிற்கும். சிரட்டையால் அள்ளி அப்படியே குடிக்கலாம். கூப்பிடு தூரத்தில் கடல். இங்கே உப்பே தெரியாத தண்ணீர். இந்தக் குழிக்குத் தீவுப்பகுதியில் பூவல் என்று பெயர்.

சாட்டியில் ஆறு இல்லை, ஊற்று இல்லை. கார்த்திகை, மார்கழி மழை மணல் திட்டிகளுக்குள் இறங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் நிலத்தடியில் கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே நாற்பது அடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது நிலத்தடி நீரியல் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கு எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்யும். மேலே ஓர் அடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு பல அடி ஏறிவிடும். மணலை அள்ளி லொறியில் ஏற்றினால் மழையைப் பிடித்து வைக்க இடமே இல்லாமல் போய்விடும்.

வேலணைத் தீவிலேயே பல கிணறுகள் உவர். புங்குடுதீவில் நிலைமை இன்னும் மோசம். அதனால் சாட்டித் தண்ணீர் சாட்டிக்குள் நின்றதில்லை. இன்று குழாயிலும் பவுசரிலும் வெளியே போகிறது. தீவகத்துக்கு எந்த அதிகாரி வந்தாலும் மக்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலில் தண்ணீர், பாதை, படகு என்ற மூன்றும் தவறியதில்லை. அந்தக் கோரிக்கைகள் யாரிடம், எந்த வழியாகப் போயின என்பதுதான் இந்த வாரக் கதை.

1829இல் யாழ்ப்பாணத்துக்குப் பொறுப்பாக வந்தவர் பேர்சிவல் அக்லண்ட் டைக். இடையில் சிறிது காலம் தவிர, 1867இல் இறக்கும் வரை வடக்கு அவர் கையில் இருந்தது. 1833இல் உருவான வடமாகாணம் இன்றைய ஐந்து மாவட்டங்களோடு நிற்கவில்லை. அநுராதபுரத்தைச் சேர்ந்த நுவரகலாவியவும் அதற்குள் இருந்தது. இவ்வளவு பெரிய நிலத்தை டைக் துரை கச்சேரியில் உட்கார்ந்துகொண்டே ஆளவில்லை. குதிரையேறிப் போவார், கூடாரம் அடிப்பார், அங்கேயே வரிக்கணக்குப் பார்ப்பார், வழக்குக் கேட்பார். பண்ணைத் தாம்போதி இல்லாத காலம் அது. தீவுப்பகுதிக்கு வருவதென்றால் தோணி ஏற வேண்டும், காற்றையும் பார்க்க வேண்டும்.

துரையின் கூடாரத்துக்கு முன்னால் சனம் நேரே போய் நின்று பேசிவிட முடியுமா? முடியாது. விதானைக்கு மேலே உடையார், உடையாருக்கு மேலே மணியகாரர், அவருக்கும் மேலே கச்சேரி முதலியார். இத்தனை வாய் கடந்துதான் ஒரு குடியானவரின் சொல் துரையின் காதுக்குப் போனது. விதானையாரைப் பற்றியே முறைப்பாடு என்றால் என்ன செய்வது? பெட்டிசம்தான் வழி. பெட்டிசம் எழுதித் தருவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்துப் பார்க்கவும் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

டைக்கை வெறும் சர்வாதிகாரி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இன்றைய யாழ். போதனா வைத்தியசாலைக்கு வித்தான ஆஸ்பத்திரி 1850இல் அவர் முயற்சியில் எழுந்தது. சுண்டுக்குளியில் உள்ள பழைய பூங்கா அவர் தம் சொந்தப் பணத்தில் உருவாக்கி, தமக்குப் பின் வரும் அரசாங்க அதிபர்களுக்கென்று விட்டுச் சென்றது. 1866, 67இல் கொள்ளைநோயும் பஞ்சமும் யாழ்ப்பாணத்தை வாட்டின. அந்த 1867இல், சுற்றுப்பயணத்தின் நடுவே, கோப்பாயில் கூடாரத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. ஊர் ஊராகப் போய்க் கேட்ட மனிதர் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அவர் யாரைக் கேட்டார்? தோணித்துறையில் மாலையோடு நின்றவர்கள் காணிக்காரர்களும் தலைமைக்காரர்களும். நல்ல தண்ணீர்க் கிணற்றில் தாமே அள்ளும் உரிமை மறுக்கப்பட்டு, குடத்தோடு தள்ளி நின்று, யாராவது இரங்கி ஊற்றும் வரை காத்திருந்த சாதியினர் அன்று யாழ்ப்பாணமெங்கும் இருந்தார்கள். கிணற்றடியில் எட்ட நிறுத்தப்பட்டவர் கூடாரத்தடியில் மட்டும் கிட்ட வந்துவிடுவாரா? மணியகாரர் முன்னிலையில் அவர் எந்த வாயால் பேசுவார்? குறைகேட்கும் அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் காதுக்கு வரும் குரலை ஊரின் அதிகார அடுக்கே தீர்மானிக்கிறது. தீவக வரலாற்றில் இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு விருப்பமில்லை.

டைக்குக்குப் பின் வந்தவர்களில் பெரியவர் வில்லியம் துவைனம். 1869 முதல் 1896 வரை அரசாங்க அதிபர். ஓய்வுக்குப் பிறகும் ஊர் திரும்பாமல் யாழ்ப்பாணத்திலேயே வாழ்ந்து 1922இல் இறந்தார். அவர் காலத்தில், 1871இல், கிராமச் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. ஊர் விவகாரங்களை ஊரார் கூடி முடிவுசெய்ய அது ஒரு வாசலைத் திறந்தது. ஆனாலும் அந்த வாசலில் நின்றவர்கள் முன்பு கூடாரத்தடியில் நின்றவர்கள்தான்.

உண்மையான மாற்றம் 1931இல் வந்தது. டொனமூர் அரசியலமைப்பு இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. சேர் பொன். இராமநாதன் போன்ற பெரியவர்களே இதை எதிர்த்தார்கள். கிணற்றைத் தொடக்கூடாதவர் என்று ஒதுக்கப்பட்டவருக்கும் மணியகாரருக்கும் ஆளுக்கொரு வாக்கு என்பது அன்றைய யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு பெரிய இடி! அதே ஆண்டு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், பூரண சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாமென்று தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்ற நான்கு தொகுதிகளும் வெறுமையாகக் கிடந்தன. வாலிபர்களின் இலட்சியம் உயர்ந்தது, அதை மதிக்கிறேன். இருந்தாலும், முதன்முதல் கையில் வந்த வாக்கைப் போட முடியாமல் தீவகத்தின் ஏழைச்சனம் 1934 வரை காத்திருந்ததையும் நாம் மறக்கக்கூடாது.

1936இல் ஊர்காவற்றுறைத் தொகுதிக்கு வேலணை மண்ணின் மைந்தர் வைத்திலிங்கம் துரைசுவாமி வந்தார். அரசாங்க சபையின் சபாநாயகராக 1947 வரை இருந்தார். சாட்டியிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் ஊரைச் சேர்ந்த ஒருவர் முழு இலங்கைக்கும் சபாநாயகர்! தீவகத்துக்கு அது தலைநிமிர்வு. சபாநாயகர் ஆசனத்தில் இருப்பவர் தன் தொகுதிக்காகச் சபையில் எழுந்து வாதாட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அவர் மறுபடி வாக்குக் கேட்டு ஊருக்குத் திரும்பி வரவேண்டியவர். டைக்குக்கும் துவைனத்துக்கும் அந்தத் தேவை இருக்கவில்லை.

காலப்போக்கில் மணியகாரர் போய், காரியாதிகாரி வந்து, உதவி அரசாங்க அதிபர் (ஏ.ஜி.ஏ.) வந்து, இப்போது பிரதேச செயலாளர். கிராமசபைகள் போய்ப் பிரதேச சபைகள் வந்தன. 1990, 91இல் போர் தீவகத்தையே வெறிச்சோட வைத்தது. கேட்க ஆளுமில்லை, சொல்ல ஆளுமில்லை.

2013 செப்டம்பரில் வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல். முப்பத்தெட்டு ஆசனங்களில் முப்பதைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது, சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். சபையின் மேசையில் காத்திருந்த பெரிய பிரச்சினைகளில் ஒன்று தண்ணீர். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில், இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுவரத் திட்டம் தயாராக இருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். தங்கள் சிறுபோகம் என்னாவது என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் நம் சனம். ஒரு பக்கம் தாகம், மறுபக்கம் வயல். சபை விவசாயிகளின் அச்சத்தைத் தள்ளிவிடவில்லை. கடல்நீரை நன்னீராக்கும் யோசனை முன்னுக்கு வந்தது. அதற்கு வடமராட்சி கிழக்குக் கடற்றொழிலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடைசியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடிய, கடல்நீரை நன்னீராக்கும் தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது.

தாமதத்தைக் காட்டி அந்தச் சபையைத் திட்டுபவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் இரணைமடு விவசாயி இல்லை என்று சொன்னபோது அந்தச் சொல்லுக்கு நிறை இருந்ததற்குக் காரணம் அவர் கையில் இருந்த வாக்கு. பெட்டிசம் மட்டும் எழுதியிருந்தால் அது ஒரு கோவைக்குள் போயிருக்கும்.

அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்ற 2017இல் சட்டம் திருத்தினார்கள். தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றமே நிராகரித்தது. தேர்தல் அந்தரத்தில் நின்றுவிட்டது. மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் முழுவதும் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையில் வந்தது. 2019இல் ஆளுநராக வந்த சுரேன் ராகவன் பொதுமக்கள் தினம் வைத்துச் சனத்தை நேரில் சந்தித்தார். இப்போதைய ஆளுநர் நா. வேதநாயகன் யாழ்ப்பாணத்தின் அரசாங்க அதிபராக இருந்தவர். தீவகத்தின் பிரச்சினைகள் அவருக்குப் புதிதல்ல. இவர்கள் சந்திப்பதையும் கேட்பதையும் நான் வரவேற்கிறேன். புங்குடுதீவிலிருந்து பஸ் ஏறி, மனுவை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு வரும் முதிய தாய்க்கு அந்தச் சந்திப்பு பெரிய ஆறுதல்.

ஆளுநர் செயலகம் இருப்பது எங்கே தெரியுமா? டைக் துரை விட்டுச் சென்ற அதே பழைய பூங்காவில். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வளவுக்குத்தான் பெட்டிசம் போகிறது. பெறுபவர் நம்மவர், நம் மொழி பேசுபவர். அது பெரிய வேறுபாடு. ஆனால் மனுவைக் கிடப்பில் போட்டால் அவரை மாற்ற நமக்கு வழியில்லை என்பதில் மட்டும் ஒரு வேறுபாடும் இல்லை.

சாட்டி மணலைக் காக்க வேண்டும், கிணறுகளில் எவ்வளவு இறைப்பது என்பதற்கு வரம்பு வேண்டும், படகுச் சேவை ஒழுங்காக வேண்டும். இவற்றை ஆளுநரிடம் எழுதிக் கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். பிரதேச சபை உறுப்பினரிடமும் கேளுங்கள். அவரை 2025 மே மாதம் நீங்கள்தான் தெரிவுசெய்தீர்கள். கூடவே, மாகாண சபைத் தேர்தலை நடத்து என்ற கோரிக்கையையும் ஒவ்வொரு மனுவின் கடைசி வரியாக எழுதுங்கள்.

(தொடரும்)