ஐந்து காலி பாக்கெட்டுக்கு ஒரு ஷாம்பு

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் என்று எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் ஷாம்பு சரம் தொங்கும். கேட்பவர்களுக்குக் கடைக்காரர் ஒன்றிரண்டு கிழித்துக் கொடுப்பார். இங்கே அது விற்பதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். ராமநாதபுரம் சீமையில் பல ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. அதில் சோப்பு நுரைக்காது, திரிந்து தலையில் ஒட்டும். ஷாம்பு நுரைக்கும். கடலில் முங்கிப் பாசி எடுத்துவிட்டுக் கரையேறும் பெண்ணுக்கு அது பெரிய விஷயம்.

அதைவிடப் பெரிய காரணம் காசு வரும் விதம். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்பது பாக் நீரிணையில் ஏற்பாடு. மீன் பட்டால்தான் பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மாதச் சம்பளக்காரர் மாதிரி ஒன்றாம் தேதி பட்டியல் போட்டு இந்த வீடுகளில் சாமான் வாங்க முடியாது. அன்றைய காசுக்கு அன்றைய சாமான்.

இதே கடற்கரையில், வடக்கே கடலூரில், இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட ஒருவர் இருந்தார். பெயர் சின்னி கிருஷ்ணன். மருந்துகளைப் பொட்டலம் போடும் சிறுதொழிலில் தொடங்கியவர். டப்பாவில் மட்டுமே வந்துகொண்டிருந்த முகப்பவுடரைச் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகப் போட்டார். பேதி உப்பை 5 கிராம், 10 கிராம் என்று விற்றார். வசதியுள்ளவர் வாங்குவதைக் கூலிக்காரரும் வாங்க வேண்டும், அதற்கு அளவைச் சிறிதாக்கினால் போதும் என்பது அவர் எண்ணம். ஷாம்பு பாக்கெட் பிறந்தது அதிலிருந்துதான். ஆனால் அவருக்குச் செய்யத் தெரிந்த அளவு விற்கத் தெரியவில்லை. ஒன்றை முடித்ததும் அடுத்ததற்குத் தாவிவிடுவார் என்று மகனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்த மகன் சி.கே.ரங்கநாதன். அண்ணன்மார் 'வெல்வெட்' ஷாம்பு நடத்த, இவர் 15,000 ரூபாயோடு வெளியேறி 1983-இல் 'சிக்' தொடங்கினார். அப்பாவின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர்.

சீயக்காயும் அரப்பும் பழகிய கிராமத்தில் ஷாம்பு என்றால் தயக்கம். விளம்பரத்தில் எவ்வளவு சொன்னாலும் அது போகாது. இவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய், ஒரு பையனைக் கூட்டத்துக்கு நடுவில் உட்காரவைத்துத் தலைக்குத் தேய்த்துவிட்டார்கள். தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்றார்கள். ரஜினி படம் போட்டு, இடையில் விளம்பரம் காட்டி, பாக்கெட்டை இனாமாகக் கொடுத்தார்கள். மல்லிகை மணம், ரோஜா மணம் என்று வந்தது அதற்குப் பிறகு. தலையில் பூ வைக்கும் ஊரில் வேறு என்ன மணம் எடுபடும்?

எனக்குப் பிடித்தது வேறொரு தந்திரம். எந்தக் கம்பெனியுடையதானாலும் ஐந்து காலி ஷாம்பு பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இனாம் என்று அறிவித்தார். மற்றவர்களின் வாடிக்கையாளர்கள் தாங்களாகவே தேடி வந்தார்கள். பழகிய பிறகு, காலி பாக்கெட்டும் சிக்காக இருந்தால்தான் இனாம் என்று மாற்றிவிட்டார்! மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமானது என்பது அவர் சொன்ன கணக்கு. பெரிய கம்பெனிகளும் பின்னால் பாக்கெட்டில் இறங்கின. அவருடைய நிறுவனம் 1998-இல் கெவின்கேர் ஆனது. இன்றும் பல ஷாம்புகளைப் பாட்டிலில் வாங்குவதைவிடப் பாக்கெட்டில் வாங்குவதுதான் மலிவு.

காலி பாக்கெட்டுக்கு மட்டும் இப்போது விலை இல்லை. பல அடுக்காக ஒட்டிய பிளாஸ்டிக், பழைய சாமான் கடைக்காரர் சீந்துவதில்லை. காற்றிலும் ஓடையிலும் சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. ஐந்து காலி பாக்கெட்டுக்கு ஒன்று இனாம் என்றால் மக்கள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள் என்று நாற்பது வருடங்களுக்கு முன்பே கண்ட தொழில் இது. ஷாம்பு கம்பெனிகள் அந்தத் திட்டத்தைத் திரும்பக் கொண்டுவரட்டும், முதலில் மண்டபத்திலும் பாம்பனிலும்.