உதட்டழகும் ஊசிமுனையும்

தில்லியில் லோதி ரோட்டையும் அதனை அடுத்த குடியிருப்புகளையும் அறியாத தமிழர் சிலரே இருப்பர். ஆங்கில அரசு தன் ஊழியர்க்கென 1940களில் எழுப்பிய லோதி காலனியில், உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்தன. லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இன்றும் நடைபெற்று வருகிறது. இப்பகுதியினர் காலையில் உலாவச் செல்லும் லோதி தோட்டத்தின் வடபால், மதில் சூழ்ந்த எண்கோணக் கல்லறை ஒன்று உண்டு. 1489 முதல் 1517 வரை ஆண்ட சுல்தான் சிக்கந்தர் லோதி அங்கே துயில்கின்றார்.

இந்தச் சுல்தானின் பெயரால் 1512இல் பாரசீக மொழியில் ஒரு பெரிய மருத்துவ நூல் தொகுக்கப்பெற்றது. தொகுத்தவர் அவருடைய அமைச்சர் மியான் புவா. சுச்ருதர், சரகர் முதலியோரின் வடமொழி நூல்களே அதற்கு அடிப்படை. இந்நாட்டு மக்களின் உடலுக்கும் இந்நாட்டுத் தட்பவெப்பத்திற்கும் இந்நாட்டு மருத்துவமே இசைந்தது என்ற எண்ணம் அம்முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. உதட்டை அழகுபடுத்த ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் பெருகிவரும் இந்நாளில், அம்முதியவர்களுள் ஒருவரான சுச்ருதர் உதட்டைப்பற்றிக் கூறியதை நினைவுகூர்வது பயனுடையது.

சுச்ருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் பதினாறாம் அத்தியாயம் காது குத்துதலைப் பற்றியது. அறுந்த காதுமடலை ஒட்டும் முறைகள் அங்கே விரிவாகக் கூறப்படுகின்றன. இறுதியில் அறுபட்ட மூக்கைச் சீராக்கும் முறை வருகிறது. மூக்கின் அளவிற்கு ஓர் இலையை நறுக்கி, அந்த அளவில் கன்னத்துத் தசையை ஒருபுறம் விடாது பற்றியிருக்குமாறு எடுத்து, மூக்கில் பொருத்தித் தைத்து, மூச்சு இயங்க இரு குழல்களை வைக்க வேண்டும் என்பது விதி. அதன்பின் உதட்டைப்பற்றி ஒரு சிறு குறிப்பு வருகிறது. குழல் வைப்பதொன்று நீங்கலாக, உதட்டிற்கும் முறை மூக்கிற்குச் சொன்னதே. இதனை உள்ளவாறு அறிந்தவனே அரசனுக்கு மருத்துவம் செய்யத் தக்கவன் என்று கூறி நூலாசிரியர் முடிக்கின்றார்.

மருந்தைச் சொல்லி முடித்ததும் அவர் மருத்துவனின் தகுதியைச் சொல்கின்றார் என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். இது தற்செயலன்று. அதே நூலின் ஒன்பதாம் அத்தியாயம் மாணாக்கன் கைப்பழக்கம் பெறும் வகையைக் கூறுகிறது. பூசணி, சுரை முதலிய காய்களை அறுத்துப் பழக வேண்டும். மென்மையான தசையிலும் தாமரைத் தண்டிலும் ஒட்டுவேலை பழக வேண்டும். பத்தாம் அத்தியாயம், நூலைக் கற்று, பொருளை உணர்ந்து, பிறர் செய்யக் கண்டு, தானும் பழகி, அரசனின் அனுமதியும் பெற்ற பின்னரே ஒருவன் தொழிலில் இறங்கலாம் என்கிறது. போலி வைத்தியன் பேராசையால் மக்களைக் கொல்கிறான், அவன் திரிவது அரசனின் குற்றம் என்றும் வேறோரிடத்தில் நூல் கடிந்துரைக்கிறது.

இக்கலை ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1792இல் திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் இழந்தார். ஓராண்டு கழித்துப் புனாவை அடுத்து வாழ்ந்த, செங்கல் சுடும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலைக்கொண்டு அவருக்குப் புது மூக்கு அமைத்தார். இச்செய்தி 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மன்ஸ் மேகஸீன்’ இதழில் படத்துடன் வெளிவந்தது. அதைக் கண்ட ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் உடனே கத்தியை எடுத்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் விசாரித்து, பிணங்களில் செய்து பார்த்து, 1814இல்தான் முதல் நோயாளியைத் தொட்டார். 1816இல் நூல் எழுதினார். மேல்நாட்டு ஒட்டறுவை வளர்ந்த வழி இதுவே.

இதுவரை கூறியது இழந்ததை மீட்கும் கலை. பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைக்கும், தீயில் வெந்த முகத்திற்கும் இன்றும் அதுவே துணை. லோதி ரோட்டிற்குத் தொலைவில் இல்லாத சப்தர்ஜங் மருத்துவமனையிலும், 1956இல் தோன்றிய அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும் அப்பணி நடைபெறுகிறது. குறையில்லாத உதட்டைப் பருக்கச் செய்வது வேறு. நம் புலவர்கள் இதழைப் பவளம் என்றும் கொவ்வைக்கனி என்றும் பாடினர்; அவ்வுவமைகள் நிறத்தைப் பற்றியவை. நம் பாட்டிமார் தாம்பூலத்தால் பெற்ற சிவப்பு மாலைக்குள் தானே மறைந்தது. உடலுக்குள் ஒரு பொருளைச் செலுத்தி வடிவத்தை மாற்றுவது அவ்வளவு எளிதில் மறைவதன்று.

அதன் வரலாறு 1899இல் வியன்னா நகரில் தொடங்குகிறது எனலாம். ராபர்ட் கெர்ஸுனி என்னும் மருத்துவர் வாஸலீன் போன்ற கனிம எண்ணெயைத் தோலின்கீழ் செலுத்திக் குழிகளை நிரப்பலாம் என்று காட்டினார். பாரபின் மெழுகும் அவ்வாறே பயன்பட்டது. உடனே அழகு கிட்டியது. ஆண்டுகள் சென்றபின் துன்பம் கிட்டியது. மெழுகு இடம் பெயர்ந்தது, கட்டிகள் எழுந்தன, சிலர் கண்ணொளியையும் இழந்தனர். பேரழகி எனப் புகழ்பெற்ற கிளாடிஸ் டீக்கன் என்ற அமெரிக்கப் பெண்மணி இளமையில் மூக்கின் மேட்டில் மெழுகு ஏற்றிக்கொண்டார். அது நழுவி முகத்தைச் சிதைத்தது. பின்னர் மார்ல்பரோ கோமகளாகி, 1977 வரை வாழ்ந்த அவர், அவ்வடுவைக் கடைசிவரை சுமந்தார்.

மெழுகுக்குப்பின் திரவ சிலிகோன் வந்து அதே பாடத்தை மீண்டும் புகட்டியது. 1981இல் அமெரிக்காவில் பசுத்தோலிலிருந்து எடுத்த கொலாஜன் அனுமதி பெற்றது. ஒவ்வாமை உண்டா என முன்கையில் சோதித்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று பெரிதும் பயன்படுவது ஹையலூரானிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் பசுவின் கண்ணிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாக உள்ள பொருள் இது. இதனாலான ‘பில்லர்’ 2003இல் அமெரிக்காவில் முகச் சுருக்கத்திற்கும், 2011இல் உதட்டிற்கும் அனுமதிக்கப்பெற்றது. சில மாதங்கள் முதல் ஓராண்டளவில் இது கரைந்துவிடும். தீங்கு நேரின் ஹையலூரானிடேஸ் என்னும் மருந்தால் உடனேயும் கரைக்கலாம். முன்னைய பொருள்களினும் இது மேம்பட்டதென்பதற்குத் தலையாய காரணம், இட்டதைத் திரும்ப நீக்க இயல்வதே.

ஆயினும் ஆபத்து அறவே நீங்கவில்லை. சில நாள் வீக்கமும் கன்றலும் இயல்பு. ஆகவே திருமணத்திற்கு இரண்டொரு நாள் முன்பு இதனைச் செய்துகொள்ளல் தகாது. உதட்டில் அக்கிக் கொப்புளம் வந்திருந்தோர்க்கு அது மீண்டும் எழக்கூடும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. மேலுதட்டிலும் கீழுதட்டிலும் தமனிகள் ஓடுகின்றன. அவை கண்ணுக்குச் செல்லும் குருதிக் குழாய்களோடும் தொடர்புடையவை. ஊசிமுனை தமனிக்குள் புகுந்து மருந்து அடைத்துக்கொண்டால் தோல் அழுகும். அரிதாகப் பார்வையும் போகும். தோல் வெளுத்தல், மிகுந்த வலி, வலைபோல நீலம் படர்தல், பார்வை மங்கல் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது நாளை பார்க்கலாம் என்றிருத்தல் கூடாது. ஒவ்வொரு நாழிகையும் மதிப்புடையது.

ஆகவே இதனை விரும்புவோர் மூன்று கேள்விகளைக் கேட்டு விடை பெற்ற பின்னரே நாற்காலியில் அமர வேண்டும். ஊசி போடுபவர் யார்? அவர் பெயர் மருத்துவப் பதிவேட்டில் உள்ளதா, இதற்கெனப் பயிற்சி பெற்றவரா? பயிலரங்குகளையோ யூடியூப் படங்களையோ பார்ப்பது போதிய பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. சுரைக்காயில் பழகச் சொன்ன சுச்ருதரின் குரல் அதில் கேட்கிறது. இரண்டாவது, செலுத்தும் பொருள் எது? முத்திரை உடையாத உறையைக் கண்ணால் கண்டு, பெயரையும் காலாவதி நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். சிலிகோன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்றாவது, தவறு நேரின் நீக்க வழியென்ன? கரைக்கும் மருந்து அவ்வறையிலேயே இருக்கிறதா? கருவுற்றோரும் பாலூட்டுவோரும் இதனைத் தள்ளிவைத்தல் நன்று. குருதி உறையாதிருக்க மருந்து உண்போரும் ஒவ்வாமை உடையோரும் அதனை முன்னரே மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கு கூறுகள் உடையது மருத்துவம் என்பது வள்ளுவர் வகுத்தது. ஊரையும் உறவையும் விட்டு வந்து வாழும் நம்மவர் பெரிதும் மறப்பது அந்த நான்காம் கூற்றை. நாணத்தால் எவரிடமும் சொல்லாமல் தனியே சென்று, இரவில் உதடு வெளுத்து வலிக்கும்போது யாரை எழுப்புவது என்று அறியாது தவிக்கும் நிலை வேண்டா. அக்காளையோ தோழியையோ அடுத்த வீட்டு மாமியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். அழகை விரும்புதல் குற்றமன்று. அதனை அறியாக் கைகளில் ஒப்படைத்தலே குற்றம். உதட்டைத் தொட அறிந்தவனே அரசனைத் தொடத் தக்கவன் என்றார் சுச்ருதர். நம் வீட்டுப் பெண்ணின் முகத்திற்கும் அதே தகுதியைக் கேட்பது நம் உரிமை.