திருவானைக்காவலில் பிறந்த விஞ்ஞானியும் திறந்த ஏடும்

முசிறிக்கும் குளித்தலைக்கும் நடுவே அகன்று வரும் காவேரி, முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொள்ளும் ஸ்ரீரங்கத் தீவின் திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி பிறந்த சந்திரசேகர வேங்கடராமனை, நோபல் பரிசின் பிரகாசத்தில் மட்டுமே தரிசிப்பது நம் வழக்கமாகிவிட்டது. கண்டறிந்ததை விரைந்து பிரசுரித்து உலகின் பொதுச் சொத்தாக்க அவர் செய்த பிரயத்தனமோ, என் அபிப்பிராயத்தில், அப்பரிசுக்குச் சற்றும் குறைந்ததன்று.

கல்கத்தா சர்வகலாசாலையில் பாலித் பேராசிரியராக விளங்கிய அவர், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய விஞ்ஞான சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில், கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன், 1928 பிப்ரவரி 28ஆம் தேதி ஒளிச்சிதறலின் புதிய இயல்பைக் கண்டார். மார்ச் 16ஆம் தேதி பெங்களூரில் அதுபற்றிப் பிரசங்கித்தார். அப்பிரசங்கத்தை, 1926இல் தாமே தொடங்கிய இந்திய பௌதிக சஞ்சிகையில் அம்மாத இறுதிக்குள் அச்சேற்றி, பிரதிகளை உலகெங்குமுள்ள அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார். பாதரச விளக்கும் நிறமாலைமானியும் இருந்தால் எவரும் சோதித்துப் பார்க்கலாம் என்றிருந்தபடியால், ஜெர்மனியில் பிரிங்ஸ்ஹைம் அதே ஆண்டில் அதைத் திரும்பச் செய்து காட்டி, 'ராமன் விளைவு' என்று நாமகரணமும் செய்தார். மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் அவ்வாண்டிலேயே ஸ்படிகங்களில் சுயமாக அதைக் கண்டிருந்தும், முதலில் பிரசுரமானது கல்கத்தாச் செய்தியே.

1934இல் பெங்களூரில் ராமன் ஸ்தாபித்த இந்திய அறிவியல் அகாதமி, அவ்வாண்டிலேயே தன் ஆய்வேட்டை வெளியிடத் தொடங்கியது. அதன் பழைய தொகுதிகளை முசிறி அரசு கலைக் கல்லூரி மாணவரும் இன்று சந்தா எதுவுமின்றி இணையத்தில் வாசிக்கலாம்.