டிக்கெட்டுக்கு முன்பே வந்த சம்பளம்

புணேயின் கோர்படியில் 2001இல் தொடங்கிய இராணுவ விளையாட்டு நிறுவனம் வில்வித்தை, குத்துச்சண்டை, மல்யுத்தம் போன்ற ஒலிம்பிக் ஆட்டங்களுக்கு ஆள் தயாரிக்கிறது. கூடைப்பந்துக்குப் பேர்போன இடமல்ல அது. ஆனால் இந்தியக் கூடைப்பந்து எப்போது தொழிலாயிற்று என்று கேட்பவர் தொடங்க வேண்டிய இடம் அதுதான். சீருடை, மாதச் சம்பளம், நாள் முழுக்கப் பயிற்சி என்று கூடைப்பந்துக்காரரையும் வாழவைத்த ஏற்பாட்டை அங்கே கண்ணெதிரே காணலாம். 2015இல் புணே பேஷ்வாஸ், சென்னை ஸ்லாம் முதலிய அணிகளோடு யுபிஏ கூடைப்பந்து லீக் வந்ததைத் தொழில்முறையின் தொடக்கம் என்பார்கள். அப்போது பிறந்தது லீக்தான். ஆட்டத்துக்குக் கூலி அதைவிட அரை நூற்றாண்டேனும் மூத்தது.

அமெரிக்காவில் கதை வேறு வரிசையில் நடந்தது. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டம், ஐந்தே ஆண்டில் காசு பார்த்தது. உள்ளூர் ஒய்.எம்.சி.ஏ.வோடு பிணங்கிய டிரென்டன் அணியினர் 1896 நவம்பரில் மேசானிக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து, நுழைவுக் கட்டணம் வாங்கி, வசூலைப் பங்கிட்டுக்கொண்டார்கள். தலைக்கு 15 டாலர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. 1898இல் லீக்கும் வந்துவிட்டது. முதலில் பார்வையாளர், பிறகு பணம், அதன்பின் லீக்.

இந்தியாவுக்கும் ஆட்டத்தைக் கொண்டுவந்தது ஒய்.எம்.சி.ஏ.தான். ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியிலிருந்து ஆசிரியர்கள் நாடெங்கும் போனார்கள். 1934இல் முதல் தேசியப் போட்டி, 1950இல் தேசியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு. ஆனால் கல்லூரியை விட்டபின் ஆடுகிறவனுக்குச் சோறு போட்டது டிக்கெட் வசூல் அல்ல. இராணுவமும் ரயில்வேயும் பின்னாளில் வங்கிகளும்தான். 1967இல் அர்ஜுனா விருது பெற்ற குஷி ராம், படையினரின் அணியான சர்வீசஸில் வளர்ந்தவர். சென்னையில் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்றால் ரசிகனுக்கு வேலையிடம் நினைவுக்கு வருமுன் அணி நினைவுக்கு வரும். ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ என்ற சொல்லே இந்த ஏற்பாட்டின் பெயர்.

அந்தச் சம்பளம் அலுவலக வேலைக்குத்தானே, ஆட்டத்துக்கா என்று கேட்கலாம். வேலைக்கு எடுத்ததே ஆட்டத்தைப் பார்த்துத்தான் என்பதே பதில். அமெரிக்காவிலும் இப்படி நடந்ததுண்டு. ஓக்லஹோமாவின் பிலிப்ஸ் எண்ணெய் நிறுவன அணியினர் காகிதத்தில் ஊழியர்கள், அமெச்சூர்கள். 1948 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் அவர்களில் ஐவர் இருந்தார்கள். சந்தைக்கு உட்படாத சம்பளம் தொழில்முறை ஆகுமா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அதில் நியாயம் உண்டு: டிரென்டன் ஆட்டக்காரன் கூட்டம் வராவிட்டால் பட்டினி, நம் ஆட்டக்காரனுக்குக் காலி அரங்கிலும் ஒன்றாம் தேதி சம்பளம். ஆனால் அந்த வேறுபாடு பணம் கொடுப்பவர் யார் என்பதில்தான். ஆட்டத்தால் பிழைப்பது இரண்டுக்கும் பொது.

இங்கே லீக்குகள் வேரூன்றத் திணறுவதற்கும், பார்வையாளருக்கு முன்பே சம்பளம் வந்த இந்த வரிசை மாற்றம் ஒரு காரணம். சில வார ஒப்பந்தம் ஓய்வூதியத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. கூலி கொடுக்க ஆள் இருந்ததால், பார்வையாளரைத் தேடும் அவசியமே நம் கூடைப்பந்துக்கு நெடுங்காலம் எழவில்லை. புதிய லீக்குகள் ஆட்டக்காரனைத் தொழிலாளியாக்க வேண்டியதில்லை. டிக்கெட் வாங்குபவரைத்தான் உண்டாக்க வேண்டும்.