கேட்டவர் கையொப்பம்: எமது ஆங்கில வகுப்பின் விதிகளும் வீடுகளும்

நூற்றாண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று நாங்கள் கேட்டபோது மலர்க்குழுவில் இருந்த அக்கா ஒருவர், "உங்கட காலத்து இங்கிலீஸ் வகுப்புச் சட்டங்களை எழுதுங்கோ பிள்ளையள். இப்ப திரும்பவும் சட்டம் போடப் போகினம்" என்றார். 1996 இல் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய வகுப்பினராகிய எங்களுக்கு அது நல்ல சாட்டாகிவிட்டது.

எமது கல்லூரியின் ஆங்கிலமொழிமூல வகுப்புகளுக்கென விதிக்கோவை ஒன்றின் வரைவு சங்கத்தின் பார்வைக்கு வந்திருக்கிறது. மாணவியும் பெற்றோரும் அதிற் கையொப்பமிட வேண்டும். நேரத்துக்கு வருதல், வீட்டுவேலை, கைத்தொலைபேசி பற்றிய விதிகளில் எங்களுக்கு வேறு கருத்தில்லை. இரண்டு விதிகள்தான் எங்களை யோசிக்க வைத்தன. ஆங்கில வகுப்பில் தமிழ் கதைக்கும் மாணவி தண்டப்பணம் கட்ட வேண்டும் என்பது ஒன்று. அனுமதி நேர்முகத்தில் தாயோ தகப்பனோ ஆங்கிலத்தில் உரையாடக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது மற்றது. காலத்துக்கேற்ற புது விதிகள் என்று சிலர் இவற்றைப் பாராட்டுகிறார்கள். இவை மிகப் பழைய விதிகள். ஆகவே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளின் பாடசாலைக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் 1824 இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் தொடங்கிய விடுதிப் பாடசாலையில் இருந்தே தொடங்குவார்கள். அந்நாளில் பெண்பிள்ளையைப் படிக்க விடுவதற்கே வீடுகள் தயங்கின. எனவே மிஷனரிமார் பெற்றோரிடம் பணத்தை எதிர்பார்க்கவில்லை. பிள்ளையை அனுப்பினாற் போதும் என்றிருந்தார்கள்; உண்ணவும் உடுக்கவும் தாங்களே கொடுத்தார்கள். 1855 இல் அமெரிக்காவில் இருந்து வந்த தூதுக்குழு, கல்வி தாய்மொழியிலேயே நடக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. ஆங்கிலத்தில் உயர்கல்வி புகட்டிய வட்டுக்கோட்டை செமினரி அதே ஆண்டில் மூடப்பட்டது. ஆனால் ஊரார் ஆங்கிலத்தை விடவில்லை. அரசாங்க உத்தியோகத்துக்கு வழி ஆங்கிலம் என்பதை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். செமினரியின் பழைய மாணவரும் ஊர்ப் பெரியோரும் விடாது கேட்டதன் பயனாக 1872 இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

அதன் பின்னர் எதிர்பார்ப்பு தலைகீழாகியது. முன்பு பாடசாலை வீட்டைக் கெஞ்சியது. இப்போது வீடு பாடசாலையைக் கெஞ்சியது. எமது சங்கம் பிறந்த 1920களில் இலங்கையில் இரண்டு விதமான பாடசாலைகள் இருந்தன. தமிழ்ப் பாடசாலையில் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலையில் கட்டணம் உண்டு. ஆண்பிள்ளையின் கட்டணத்தைக் கட்டிய பின் மிச்சமிருந்தால்தான் பெண்பிள்ளைக்கு. எந்தப் படலையைத் தாண்டினோம் என்பதே பிறகு எந்த வேலை, எந்தச் சம்பந்தம் என்பதைத் தீர்மானித்தது.

தமிழ் கதைத்தால் தண்டம் என்ற விதி அக்காலத்து ஆங்கிலப் பாடசாலைகள் பலவற்றில் இருந்ததுதான். எமது சங்கத்தின் மிக மூத்த அங்கத்தவர்களில் ஒருவர், கண் மங்கிய நிலையிலும், அதை எங்களுக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "ஒரு சொல்லுக்கு ஒரு சதம். காசுள்ள பிள்ளையள் கதைச்சுப் போட்டுக் கட்டுவினம். நாங்கள் வாயைத் திறக்கிறேல்லை." அவர் பகிடியாகச் சொன்னாலும் எங்களுக்கு அது பகிடியாகத் தெரியவில்லை. அந்த விதியால் ஆங்கிலம் கதைக்கத் தொடங்கியவர்கள் இருந்திருக்கலாம். காசில்லாத வீட்டுப் பிள்ளை படித்தது மௌனத்தை.

இதை எதிர்த்த குரல்களும் அப்போதே எழுந்தன. 1924 இல் உருவான யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தாய்மொழிக்குரிய இடத்தைக் கேட்டது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது 1945 இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி ஆயிற்று. 1950களில் இடைநிலை வகுப்புகளும் படிப்படியாகத் தமிழுக்கு மாறின. எங்கள் அம்மம்மாமார் கட்டணத்துக்குப் பயந்து தாண்டாத படலையை எங்கள் அம்மாமார் தாண்டினார்கள் என்றால் அதற்கு இதுவே காரணம். கல்வியைத் தாய்மொழிக்குக் கொண்டுவந்ததைக் குறை சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. இரசாயனத்தையும் உயிரியலையும் நாங்கள் தமிழில் விளங்கிப் படித்தோம்.

ஆனால் ஒரு சிக்கல் மிஞ்சியது. ஆங்கிலம் நேரசூசியில் நாற்பது நிமிடப் பாடமாகச் சுருங்கியது. சாதாரண தரத்தில் ஆங்கிலம் சித்தியடையாவிட்டாலும் உயர்தரம் படிக்கலாம். ஆகவே பல வீடுகளில் அது கடைசிப் பாடமாயிற்று. மருத்துவபீடங்களோ ஆங்கிலத்திலேயே நின்றன. முன்பு படலையில் இருந்த மதில், பத்தொன்பது இருபது வயதில் நாங்கள் முட்டிக்கொள்ளும் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. தென்னிலங்கைப் பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் வாள் என்று பொருள். சிங்களம் படித்த பிள்ளையையும் அது அதே விதமாகத்தான் வெட்டியது.

இந்தச் சிக்கலை நன்கு அறிந்த ஒருவரே எங்கள் ஆங்கில ஆசிரியை. அவர் பெயரை எழுத வேண்டாம் என்பது அவரது விருப்பம். எங்களுக்கு அவர் 'மிஸ்'. அது 1990களின் முற்பகுதி. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அருமை, ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள் என்பதால் வானொலியில் ஆங்கிலம் கேட்பதென்றால் சைக்கிள் டைனமோவை யாராவது சுற்ற வேண்டும். அந்த நிலையில் மிஸ் எங்கள் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுவித்த விதிகள் இவை:

1. தாளின் இரு பக்கமும் எழுத வேண்டும். ஒரு தாளும் கிழிக்கக் கூடாது.
2. பிழையை அழிக்கக் கூடாது. ஒரு கோடு கீறி, மேலே சரியானதை எழுத வேண்டும்.
3. விளங்காததைக் கேட்க வேண்டும். தமிழிற் கேட்கலாம்.
4. ஒருவர் வாசிக்கும்போது சிரிப்பவர் அடுத்த பந்தியை வாசிக்க வேண்டும்.
5. நாளுக்கு ஐந்து புதுச் சொற்கள்.
6. வீட்டில் ஒருவருக்குப் பத்து நிமிடம் பாடத்தை உரத்து வாசித்து, வாசித்ததைத் தமிழிற் சொல்லி, கேட்டவரின் கையொப்பம் பெற்று வர வேண்டும்.

இந்த ஆறாவது விதிதான் பெற்றோருக்கானது. பெற்றோர் கூட்டத்தில் தகப்பன் ஒருவர் எழும்பி, "எங்களுக்கு இங்கிலீஸ் தெரியாது மிஸ். பிள்ளை பிழையா வாசிச்சாலும் எங்களுக்கு விளங்காது" என்றார். மிஸ் சொன்ன பதில் எங்கள் வகுப்பில் நெடுநாள் ஓடியது. "தெரியாதது நல்லம் ஐயா. தெரிஞ்சால் திருத்தப் பாப்பியள். திருத்த நான் இருக்கிறன். நீங்கள் இருந்து கேட்டால் காணும்."

கையொப்பத்துக்கான நிரலின் தலைப்பில் அவர் 'பெற்றோர்' என்று எழுதுவிக்கவில்லை, 'கேட்டவர்' என்றே எழுதுவித்தார். ஏன் என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. எங்கள் வகுப்பில் தகப்பனை இழந்தவர்கள் இருந்தார்கள். தாய் ஓரிடம் பிள்ளை ஓரிடமாக இருந்தவர்களும் இருந்தார்கள். 'பெற்றோர்' என்று தலைப்பு இருந்தால் அந்தப் பிள்ளைகளின் நிரல் ஒவ்வொரு நாளும் வெறுமையாகக் கிடந்திருக்கும்.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. நாங்களும் நடந்தோம். தென்மராட்சியில் இன்னொரு பாடசாலையில் பின்னேர நேரத்தில் எங்கள் வகுப்பு கூடியபோது பாதிப் பேரைக் காணவில்லை. வந்தவர்களிடமும் கொப்பி குறைவு. ஆனாலும் மிஸ் நிரலைப் பார்த்தார். ஒருத்தியின் கொப்பியில் நான்கு நாட்களாகக் கையொப்பம் இல்லை. "அம்மாவுக்குக் கேக்க நேரமில்லை மிஸ். விடிய எழும்பித் தண்ணிக்கு லைனில நிக்கிறா" என்றாள். மிஸ் கோபிக்கவில்லை. "அப்ப நீயும் லைனில நிண்டு வாசி" என்றார்.

அவள் வாசித்தாள். மறுநாள் நாங்களும் அந்தக் கிணற்றடிக்குப் போனோம். குடங்களோடு நின்ற பெண்கள் முதலிற் சிரித்தார்கள், பிறகு கேட்டார்கள், பிறகு, "நேற்றையான் கதை முடியேல்லையே பிள்ளை, மிச்சத்தைச் சொல்லு" என்று கூப்பிட்டார்கள். அந்தக் கொப்பி இன்றும் எங்களில் ஒருத்தியிடம் இருக்கிறது. அந்த மாதத்துப் பக்கங்களில் ஏழு பேரின் கையெழுத்து உண்டு. ஒருவர் தன் பெயரோடு ஊரையும் எழுதியிருக்கிறார், திரும்பிப் போக வேண்டிய ஊரை. 1996 ஏப்ரலில் நாங்கள் திரும்பி வரத் தொடங்கினோம். அந்த டிசம்பரிற் பரீட்சை எழுதினோம்.

மிஸ்ஸின் வகுப்பில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வாசிக்கவும் எழுதவும் படித்தோம், கதைக்கப் படிக்கவில்லை. எங்களிற் சிலர் மருத்துவபீடம் போனபோது அது நன்றாகத் தெரிந்தது. உடற்கூற்றியல் புத்தகத்தை அகராதியோடு வாசித்து விளங்கிக்கொண்டோம். ஆனால் விரிவுரையாளர் எழுப்பிக் கேள்வி கேட்டால், விடை தெரிந்தும் நின்றோம். ஆங்கிலம் கதைக்கும் வீடுகளில் இருந்து வந்தவர்கள் பாதி விடையை அழகாகச் சொல்லி அமர்ந்தார்கள். முதலாண்டு முழுவதும் அந்த வெட்கத்தோடு போயிற்று.

நோயாளர் விடுதிக்குப் போனபோது நிலைமை மாறியது. குறிப்பெழுதுவது ஆங்கிலத்தில், கட்டிலில் இருப்பவர் பேசுவது தமிழில். 'சீனி வருத்தம்' என்று வருகிறவருக்கு, அவரது சிறுநீரகத்தில் நடப்பது என்ன, கால் ஏன் விறைக்கிறது, புண் ஏன் ஆறவில்லை என்பதை அவர் சொற்களில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மருந்து ஒழுங்காக உள்ளே போகாது. ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழிற் சொல்லும் வேலையை நாங்கள் ஆண்டு ஆறில் இருந்தே செய்துவந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தமிழிற் சொல்லத் தடுமாறும் இடத்தில் எங்களுக்கே அந்த விடயம் சரியாக விளங்கவில்லை என்பதையும் கண்டோம். இப்போதும், இருபது வருடங்களுக்குப் பிறகும், அப்படித்தான்.

இனி வரைவுக்கு வருவோம். 2001, 2002 ஆம் ஆண்டுகளில் இருந்து அரச பாடசாலைகளில் சில பாடங்களை ஆங்கிலமொழிமூலம் படிக்கும் வாய்ப்பு மீண்டும் வந்தது. எமது கல்லூரியும் அந்த வகுப்புகளை நடத்துவது எங்களுக்கு மகிழ்ச்சியே. வகுப்புக்கு வெளியே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கதைக்க இடமில்லை, அதனால் வகுப்புக்குள் கண்டிப்பு வேண்டும் என்று ஆசிரியைகள் சொல்வதில் நியாயம் உண்டு. கதைக்காமற் படித்ததன் விலையை நாங்கள் கொடுத்தவர்கள். ஆனால் தண்டப்பணம் யாரைக் கதைக்க வைக்கும், யாரை வாய்மூட வைக்கும் என்பதை எங்கள் மூத்த அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டார். தாய் தகப்பனின் ஆங்கிலத்தைச் சோதிப்பது, 1945 இல் எடுத்துவிட்ட கட்டணத்தை வேறு நாணயத்தில் அறவிடுவதாகும். அந்த விதி எங்கள் நாளில் இருந்திருந்தால் எங்கள் வகுப்பில் எத்தனை பேர் மிஞ்சியிருப்போம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். ஒரு கை போதுமாயிருந்தது. எங்களில் வைத்தியரானவர் எவரும் அந்தக் கையில் இல்லை.

ஆகவே சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நாங்கள் முன்வைக்கவிருப்பது இதுதான். தண்ட விதியை நீக்கி, கிழமைக்கு ஒரு பாடவேளையைக் கதைப்பதற்கென்றே ஒதுக்குங்கள். அங்கே மிஸ்ஸின் நான்காம் விதி மட்டும் இருக்கட்டும். நேர்முகத்தில் பெற்றோரிடம், "உங்களுக்கு ஆங்கிலம் தெரியுமா?" என்று கேட்பதை விட்டு, "நாளுக்குப் பத்து நிமிடம் பிள்ளை வாசிக்கக் கேட்பீர்களா?" என்று கேளுங்கள். கடைகளிலும் வயல்களிலும் வெளிநாடுகளிலும் வேலை செய்யும் பெற்றோருக்கு அந்தப் பத்து நிமிடமும் கடினந்தான். எனவே வீட்டில் ஆளில்லாத பிள்ளைகளுக்காகப் பாடசாலை விட்ட பின் மாறி மாறி வந்திருந்து கேட்பதற்கு எங்கள் வகுப்பினர் பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் நால்வர் தொலைபேசியிற் கேட்பார்கள்.

விதிக்கோவையின் கடைசிப் பக்கத்தில் கையொப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதன் தலைப்பில் 'பெற்றோர்' என்றிருப்பதை ஒரு கோடு கீறி, மேலே 'கேட்டவர்' என்று எழுதிவிடுமாறு மிகப் பணிவுடன் வேண்டுகிறோம்.