வெருகு சிரித்ததா?

தமிழ் அகராதிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் யாழ்ப்பாணத்து உடுவிலைக் கடந்து செல்ல முடியாது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த மிரன் வின்சுலோ 1820 முதல் இங்கு வாழ்ந்தவர். அவருடைய துணைவியார் ஹரியட் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியே இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. நல்லூரில் யோசேப்பு நைற் பாதிரியார் தொடக்கி வைத்த சொற்றொகுப்புப் பணி பிற்பாடு வின்சுலோவின் கைக்கு வந்து, 1862இல் சென்னையில் பெரும் தமிழ் - ஆங்கில அகராதியாக அச்சேறியது. அதற்கு 20 ஆண்டுகள் முன்னரே, அயலூரான மானிப்பாயில் யாழ்ப்பாண அகராதி அச்சாகிவிட்டது.

மனிதரின் சொற்களை இத்தனை கவனத்தோடு தொகுத்த மண்ணிலே, அடுப்படியில் நம்மோடு வாழ்ந்த பூனையின் மொழியை நாம் எவ்வாறு வாசித்தோம்? இது வேடிக்கைக் கேள்வியன்று. நாம் பிழையாக வாசிக்குந்தோறும் துன்பப்படுவது அந்த வாயில்லாப் பிராணியே.

பெயரிலிருந்து தொடங்கலாம். வெருகைப் பூசை என்று வழங்குவதைத் தொல்காப்பிய மரபியல் ஏற்றுக்கொள்கிறது. அதன் இளமைப் பெயர் குட்டி என்றும் கூறுகிறது. குரங்கின் ஆணுக்கு அந்நூல் உரைத்த 'கடுவன்' என்ற சொல்லை ஈழத்தில் நாம் ஆண் பூனைக்கு வழங்கி வருகிறோம்.

சங்கப் புலவர்கள் பூனையை நின்று பார்த்தவர்கள். குறுந்தொகை 220ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மலரும் நிலையிலுள்ள முல்லை அரும்புகளுக்கு வெருகின் சிரிப்பை உவமையாக்குகிறார். உவமை அழகானது. ஆயினும் பூனை சிரிப்பதில்லை. காதுகளைப் பின்னே மடித்து, வாயைத் திறந்து, பல்லைக் காட்டிச் சீறும் பூனை அஞ்சியிருக்கிறது. 'கிட்ட வராதே' என்கிறது. இன்னொரு வேளையில் மேலுதட்டைச் சற்றே தூக்கி, வாய் பிளந்து அசையாது நிற்கும். அப்போது அண்ணத்திலுள்ள நுகர்ச்சி உறுப்பினால் வேறொரு பூனை விட்டுச் சென்ற மணத்தை ஆராய்கிறது. புலவர் வடிவத்தைச் சரியாகவே கண்டார். அதற்குச் சிரிப்பு என்று பெயரிட்டது மனித வழக்கம்.

இந்த வழக்கம் கல்லிலும் ஏறியது. மாமல்லபுரத்தில், அர்ச்சுனன் தபசு எனப்படும் 7ஆம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை முன்னங்கால்களை உயர்த்தித் தவம் புரிகிறது. எலிகள் அருகே நிற்கின்றன. மகாபாரதத்தில் வரும் போலித் துறவிப் பூனையின் கதை நினைவுக்கு வரும். அன்று தொடங்கிய 'கள்ளப் பூனை' என்ற பட்டம் இன்றும் நீங்கவில்லை.

பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்று நமது பழமொழி ஏளனம் செய்கிறது. ஆனால் நம் எதிரில் அமர்ந்து கண்களை மெல்ல மூடித் திறக்கும் பூனை, பெரும்பாலும் அச்சமின்றி அமைதியாக இருக்கிறது. மனிதர் அவ்வாறே மெல்லக் கண் சிமிட்டினால் பூனையும் பதிலுக்குச் சிமிட்டுகிறது என்பதையும், அறிமுகமற்றவராயினும் அவரை நெருங்க முற்படுகிறது என்பதையும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2020இல் பரிசோதித்துக் காட்டினர்.

இத்துறைக்கு அடித்தளமிட்ட நூல்களுள் ஒன்று, மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் முறை பற்றிச் சார்ல்ஸ் டார்வின் 1872இல் வெளியிட்டது. சினந்த பூனை உடலைத் தாழ்த்தி வாலைப் பக்கவாட்டில் வீசும். அன்பு கொண்ட பூனை வாலை நிமிர்த்தி நம் காலில் உரசும். ஒன்றுக்கு மற்றது நேரெதிர் என்று அவர் படங்களோடு விளக்கினார். வின்சுலோவின் அகராதி வெளிவந்து சரியாகப் பத்தாண்டுகள் கழிந்த வேளை அது.

காலில் உரசுவது பாலுக்காக மட்டுமன்று. கன்னத்திலுள்ள சுரப்பிகளின் மணத்தைப் பூனை நம்மீதும், கதவு நிலையிலும், கட்டில் காலிலும் பூசுகிறது. வீடு அதற்கு மணத்தால் எழுதப்பட்ட வரைபடம். அதனாலேயே புது இடத்தில் விடப்பட்ட பூனை உண்ணாமல் மூலையில் பதுங்குகிறது. வாய்ப்புக் கிடைத்தால் பழைய இடத்தைத் தேடிப் புறப்படுகிறது.

இதை நமக்கு விளக்க அதிகம் வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி தொடங்கி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கைதடிப் பக்கமாக நடந்தார்கள். உடுவிலும் அதிலே வெறிச்சோடியது. 1996இல் திரும்பி வந்தவர்கள் முதலில் தேடியது தங்கள் வாசலையும் கிணற்றடியையும் தான். திரும்ப இயலாமல் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்வோர் கனவில் காண்பதும் அவற்றையே.

இடம் பிரிந்த வேதனையை இவ்வளவு அறிந்த நாம், ஈன்று சில நாளேயான பூனைக்குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியிலும் கோயில் வாசலிலும் விட்டுவிட்டு வருகிறோம். கள்ளப் பூனை, சகுனத்தடை என்ற பழைய பட்டங்கள் மனத்தை மரக்கச் செய்கின்றன. பூனைக்குட்டி மனிதரை நம்பப் பழகுவது பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையிலாகும். அந்த நாட்களில் பயத்தை மட்டும் கண்ட குட்டி, வளர்ந்த பின் நம்மைக் கண்டால் சீறும். உடனே 'பொல்லாத பூனை' என்போம்.

குட்டிகளை எட்டு வாரமாவது தாயுடன் இருக்க விடுங்கள். பெருகும் என்று அஞ்சுவோர் கால்நடை வைத்தியரிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கலாம். சாக்குப் பையைக் காட்டிலும் அது சிறந்த வழி. வாலை நிமிர்த்திக்கொண்டு அது வாசலுக்கு வரும்போது, 'வந்தீர்களா' என்று கேட்கிறது என வாசித்துப் பழகுங்கள். அந்த வாசிப்பில் பிழை நேர்வது அரிது.